மனு கொடுத்தாச்சு, அப்புறம்? மாநில அரசைப் பதில் சொல்ல வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊருக்கு சாயங்காலம் 4.40க்கு ஒரு டவுன் பஸ் வந்துகொண்டிருந்தது. பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் அதில்தான் வீடு திரும்புவார்கள். ஒரு ஜூன் மாதம் அது வருவது நின்றது. நிறுத்திவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை, போர்டும் வைக்கவில்லை. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஊரே சேர்ந்து கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். ஒரு மாதம் கழித்து செல்போனுக்கு மெசேஜ் வந்தது, மனு முடித்து வைக்கப்பட்டது என்று. பஸ் வரவில்லை, ஆனால் மனு முடிந்துவிட்டது!

அந்த பஸ்ஸைத் திரும்பக் கொண்டுவர எங்களுக்கு ஏழு மாதம் ஆனது. அதில் முதல் ஐந்து மாதம் நாங்கள் தப்புத் தப்பாகச் செய்ததிலேயே போய்விட்டது. அந்தத் தப்புகளை நீங்களும் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பஸ் என்பது உதாரணம்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இல்லை, பள்ளியில் கணக்கு வாத்தியார் இல்லை, ஓடையில் தரைப்பாலம் உடைந்து கிடக்கிறது என எதற்கும் இதே வழிதான்.

1. யார் கையில் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

எங்கள் முதல் மனு முதலமைச்சருக்கு. அதில் பஸ், தெருவிளக்கு, ரேஷன் கடைக்குச் சொந்தக் கட்டடம், சுடுகாட்டுப் பாதை என்று மொத்தம் ஒன்பது கோரிக்கை. மனு எழுதும்போது நல்ல கம்பீரமாகத்தான் இருந்தது. நடந்தது என்னவென்றால், ஒன்பது கோரிக்கை இருந்தாலும் கம்ப்யூட்டரில் பதிவு செய்பவர் ஏதாவது ஒரு துறையைத்தான் தேர்வு செய்ய முடியும். எங்கள் மனு தெருவிளக்குக் கணக்கில் ஏறி, ஊராட்சி ஒன்றியத்துக்குப் போய், அவர்கள் இரண்டு பல்ப் மாட்டிவிட்டு மொத்த மனுவையும் முடித்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, பஸ்ஸுக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. இதை மட்டும் பிடித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

துறையைக் கண்டுபிடிப்பதும் சில சமயம் சுலபமில்லை. ரோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் இருக்கும் ரோடு ஊராட்சியுடையதாக இருக்கலாம், ஊராட்சி ஒன்றியத்துடையதாக இருக்கலாம், மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம், நீர்வளத் துறையின் ஏரிக்கரையாகவும் இருக்கலாம். தப்பான அலுவலகத்தில் கொடுத்தால் ‘இது எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை’ என்று ஒரே வரியில் பதில் வரும், அதற்கு ஒரு மாதம் போகும். மனு கொடுக்கும் முன் அந்த அலுவலகத்தின் கிளார்க் ஒருவரிடம் பேசுங்கள். பெரிய அதிகாரியைவிட அவருக்குத்தான் எந்தக் கோப்பு யார் மேசைக்குப் போகும் என்று துல்லியமாகத் தெரியும். பஸ் விஷயத்தில் வண்டியும் டிரைவரும் கிளை மேலாளர் பொறுப்பு, அதற்கு மேல் மண்டலத்தின் பொது மேலாளர், அதற்கும் மேல் மேலாண்மை இயக்குநர். நாங்கள் இதைத் தெரிந்துகொண்டது நாலாவது மாதத்தில்.

2. ஒரு நோட்டு போடுங்கள்

‘பல நாட்களாக’, ‘அடிக்கடி’, ‘பெரும் அவதி’ போன்ற வார்த்தைகளை அதிகாரிகள் ஒரு நாளைக்கு நூறு தடவை படிக்கிறார்கள், கண்ணில் படவே படாது. தேதியும் நேரமும் மட்டும் படும். பத்தாவது படிக்கும் ஒரு பெண்ணிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து, தினமும் பஸ் ஸ்டாப்பில் மூன்றே விஷயம் எழுதச் சொன்னோம்: தேதி, பஸ் வந்ததா (வந்தால் எத்தனை மணிக்கு), எத்தனை பேர் காத்திருந்தார்கள். இருபது நாள் எழுதினாள். மழை பெய்த நாளில் ‘மழை, 31 பேர், மரத்தடி’ என்று எழுதியிருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிற்பாடு அந்த ஒரு வரியைத்தான் பொது மேலாளர் இரண்டு தடவை படித்தார்.

3. மனுவை எழுதும் விதம்

கலெக்டர் அலுவலக வாசலில் மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், பலர் நன்றாகவே எழுதுவார்கள். ஆனால் எல்லா மனுவும் ஒரே அச்சில் இருக்கும், ‘தாங்கள் கருணை உள்ளத்தோடு’ என்று. கருணை கேட்டால் கருணை காட்டலாம், காட்டாமலும் இருக்கலாம். நீங்களே எழுதுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல். எங்கள் மூன்றாவது மனு, அதாவது வேலை செய்த மனு, ஏறக்குறைய இப்படி இருந்தது (பஸ் ஒரு தடவை வந்துபோவதை ‘நடை’ என்பார்கள்):

பொருள்: வழித்தட எண் ___, மாலை 4.40 நடை இயக்கப்படாதது – மீண்டும் இயக்கக் கோருதல்.

ஐயா, மேற்படி நடை ஜூன் மாதம் முதல் எங்கள் ஊருக்கு வரவில்லை. 20 பள்ளி நாட்களில் நாங்கள் எழுதிய பதிவு இத்துடன் உள்ளது. இந்த நடையில் வரும் மாணவ மாணவியர் 3 கிலோமீட்டர் நடந்து வருகிறார்கள். அடுத்த பஸ் 6.50க்குத்தான். எங்கள் கோரிக்கை இரண்டு. ஒன்று, இந்த நடை எந்தத் தேதியில் மீண்டும் இயக்கப்படும் என்று தெரிவிக்க வேண்டும். இரண்டு, இயக்க முடியாது என்றால் அதற்கான காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.

கடைசி இரண்டு வரியைக் கவனியுங்கள். ‘ஆவன செய்யுமாறு’ என்று முடித்தால் ‘ஆவன செய்யப்படும்’ என்று பதில் வரும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. தேதி கேளுங்கள், இல்லையென்றால் காரணம் கேளுங்கள். இரண்டில் எது வந்தாலும் அடுத்த படிக்கு அதில் பிடி கிடைக்கும்.

இன்னொரு வரியும் சேருங்கள். பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் அரசாணை (நிலை) எண் 99, நாள் 21.09.2015, என்ன சொல்கிறது என்றால், பொதுமக்கள் மனுவுக்கு 3 நாளுக்குள் ஒப்புகை தர வேண்டும், அதிகபட்சம் ஒரு மாதத்துக்குள் முடிவு எடுக்க வேண்டும். மனுவின் அடியில் இந்த எண்ணைக் குறிப்பிட்டால் மந்திரம் போட்டதுபோல் எல்லாம் நடந்துவிடாது. ஆனால் இவருக்கு விஷயம் தெரியும் என்று படிப்பவருக்குப் புரியும், கோப்பு கொஞ்சம் மேலே வரும்.

கையெழுத்து 200 பேரிடம் வாங்க வேண்டியதில்லை. செல்போன் எண்ணோடு பத்துப் பேர் போதும், கூப்பிட்டால் எடுக்கும் பத்துப் பேர்.

4. எங்கே கொடுப்பது

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். காலையிலேயே போய்விடுங்கள். வாசலில் போலீஸ் பையைத் திறப்பார்கள், தண்ணீர் பாட்டிலைக்கூட முகர்ந்து பார்ப்பார்கள். கோபப்படாதீர்கள். 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலகத்தில், கந்துவட்டிக் கொடுமை பற்றி மனு கொடுத்தும் வழி பிறக்காத ஒரு குடும்பம் குழந்தைகளோடு தீக்குளித்தது. அதற்குப் பிறகு இந்தச் சோதனை கடுமையானது. பாட்டிலைச் சோதிப்பதில் காட்டும் அக்கறையை மனுவைப் படிப்பதிலும் காட்டினால் தேவலை என்று ஒவ்வொரு தடவையும் எனக்குத் தோன்றும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உள்ளே மனுவைப் பதிவு செய்து எண் தருவார்கள். அந்த எண் இல்லாமல் வெளியே வராதீர்கள். கலெக்டர் கையில் நேரடியாகக் கொடுத்தோம், போட்டோ எடுத்தோம் என்பதெல்லாம் வாட்ஸ்அப்புக்குத்தான் ஆகும்.

நேரில் போக முடியாதவர்கள் 1100க்கு போன் செய்யலாம், முதல்வரின் முகவரி இணையதளத்திலும் பதியலாம். பட்டா, அளவை, நில வகை மாற்றம் போன்ற வருவாய்த் துறை விஷயம் என்றால் வருடத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் மே, ஜூன் மாதத்தில், தாலுகா அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்திதான் நல்ல இடம். கிராமக் கணக்குகள் எல்லாம் அன்றைக்கு மேசைமேல் விரித்திருக்கும், ‘கோப்பைப் பார்த்துச் சொல்கிறேன்’ என்று தட்டிக்கழிக்க முடியாது. விவசாயிகளுக்கு மாதம் ஒரு முறை தனியாகக் குறைதீர் கூட்டம் இருக்கிறது. மனு வாங்கும் முகாம்களின் பெயர் அவ்வப்போது மாறும், மக்களுடன் முதல்வர், உங்களுடன் ஸ்டாலின் என்று வந்ததுபோல. பெயர் எதுவாக இருந்தாலும் மனு கடைசியில் போய்ச் சேருவது அதே மேசைக்குத்தான்.

எங்கே கொடுத்தாலும் ஒரு நகலை, நேரடிப் பொறுப்பில் இருக்கும் அதிகாரிக்கு டெலிவரிச் சான்று கிடைக்கும்படி தபாலிலும் அனுப்புங்கள்.

5. ‘முடித்து வைக்கப்பட்டது’ என்று வந்தால்

பெரும்பாலானவர்கள் ஓய்ந்துபோவது இங்கேதான். மனுக்களை எத்தனை நாளில் முடித்தோம் என்ற கணக்கு ஒவ்வொரு அலுவலகத்திலும் கேட்கப்படுகிறது. பிரச்சினை தீர்ந்ததா என்ற கணக்கு அதே அழுத்தத்தோடு கேட்கப்படுவதில்லை. அதனால் முடிப்பதற்கான வழி கண்டுபிடிப்பதில் அலுவலகங்கள் தேர்ச்சி பெற்றுவிட்டன. வரும் பதிலை நிதானமாகப் படித்துப் பாருங்கள், வழக்கமாக மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

‘உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்றால் அது பதிலே இல்லை, தபால்காரர் வேலை. எந்த அலுவலருக்கு, எந்தக் கடித எண்ணில், எந்தத் தேதியில் என்று கேட்டு அன்றைக்கே எழுதுங்கள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்றால் யார் பரிசீலிக்கிறார், எந்தத் தேதிக்குள் முடியும் என்று கேளுங்கள். ‘நிதி ஒதுக்கீடு வந்ததும்’ என்று வந்தால் சந்தோஷப்படுங்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். உங்கள் கோரிக்கை நியாயம் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். இனி அதற்கு மதிப்பீடு தயாரித்து மேலே அனுப்பினார்களா என்று மட்டும் பிடித்தால் போதும்.

பழைய மனு எண்ணைக் குறிப்பிட்டுத்தான் புதிய மனு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் ஒவ்வொரு தடவையும் முதல்முறை வந்த ஆள்தான்.

6. தகவல் உரிமை மனு

எங்கள் கதை திரும்பியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத் தாளில் எழுதினால் போதும், பிரிவு 6(1) என்று குறிப்பிட்டு, 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்குக் கட்டணம் கிடையாது. ஏன் கேட்கிறேன் என்று சொல்ல வேண்டியதும் இல்லை. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தப்பான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் பிரிவு 6(3)படி அவர்களே 5 நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும்.

எல்லோரும் செய்யும் தவறு, ‘ஏன் பஸ் விடவில்லை?’ என்று கேட்பது. ‘ஏன்’ என்பது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள், சட்டப்படி அது ஓரளவுக்குச் சரியும்கூட. கோப்பில், பதிவேட்டில் என்ன இருக்கிறதோ அதைத்தான் கேட்க முடியும். நாங்கள் கேட்டது இவ்வளவுதான்:

1. மேற்படி வழித்தடத்தில் மாலை 4.40 நடை, ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை எந்தெந்தத் தேதிகளில் இயக்கப்பட்டது, எந்தெந்தத் தேதிகளில் ரத்தானது என்பதைக் காட்டும் பதிவேட்டின் நகல்.

2. இந்த நடையை நிறுத்தவோ மாற்றவோ பிறப்பிக்கப்பட்ட ஆணையின் நகல்.

3. எங்கள் மனு எண் ___ எந்தத் தேதியில் யாரிடம் வந்தது, அவரிடம் எத்தனை நாள் இருந்தது, ஒவ்வொருவரின் பதவிப் பெயர்.

4. கோப்பை நேரில் பார்வையிட பிரிவு 2(ஜே)படி ஒரு தேதி.

மூன்றாவது கேள்வி பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குப் பதில் எழுத வேண்டுமென்றால் கோப்பைத் தேடி எடுத்தே ஆக வேண்டும், எடுத்ததும் அது யார் மேசையில் தூங்கியது என்று தெரிந்துவிடும். பல இடங்களில் இந்தக் கேள்வி போனதுமே, பதில் வருவதற்கு முன்பாக வேலை நடந்துவிடும்.

எங்களுக்குப் பதில் வந்தது. இரண்டாவது கேள்விக்கு எதிரே ‘அவ்வாறான ஆணை ஏதும் இல்லை’ என்று இருந்தது. அதாவது காகிதத்தில் எங்கள் பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது! டிரைவர் பற்றாக்குறையால் வண்டியை வேறொரு வழித்தடத்துக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள், தினமும் ‘ரத்து’ என்று எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஐந்து மாதம் நாங்கள் கெஞ்சியது புதிதாக ஒரு பஸ் கேட்பதுபோல. இருக்கும் பஸ்ஸை ஓட்டுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதுவும் பயனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது. காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் போடலாம். ஆணையத்தில் விசாரணைக்கு வரக் காத்திருப்பு அதிகம், அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். அது ஒரு பக்கம் நடக்கட்டும், மற்ற படிகளை ஏறிக்கொண்டே இருங்கள்.

ஒரு தகவலையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் தகவல் உரிமைக்கு முதலில் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடுதான், 1997ல். ஆனால் விதிவிலக்குகள் நிறைந்த அந்தச் சட்டம் பற்றி இன்று பேச ஆளில்லை. ராஜஸ்தானில் சட்டம் இல்லாத காலத்திலேயே மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற கிராம மக்கள் அமைப்பு, கூலிப் பட்டியல்களை ஊர் நடுவில் உரக்கப் படித்துக் காட்டியது. செத்தவர் பெயரிலும் கூலி போட்டிருந்தது வெளியே வந்தது. 1996ல் பியாவர் என்ற ஊரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். 2005 சட்டத்துக்கு வித்து அங்கே விழுந்தது. எங்கள் ஊரிலும் அந்தப் பதில் கடிதத்தைப் பஸ் ஸ்டாப்பில் சத்தமாகப் படித்தோம். அன்றைக்குக் கூடிய கூட்டம் எந்தக் கட்சிக் கூட்டத்துக்கும் கூடியதில்லை.

7. எம்எல்ஏவும் சட்டமன்றமும்

எம்எல்ஏவைக் கல்யாண வீட்டில் பார்த்துக் காதில் சொல்வதும், அவர் தலையாட்டுவதும், பின்னால் நிற்கும் பிஏ ‘நோட் பண்ணிக்கிறேன்’ என்பதும் நம் ஊர் வழக்கம். அதனால் ஒன்றும் ஆகாது. அவருக்குத் தேவை கையில் எடுத்ததும் பயன்படுத்தக்கூடிய ஒரு காகிதம். நோட்டின் நகல், மனு எண், தகவல் உரிமைப் பதில், எல்லாம் சேர்த்து நாலு பக்கம், மேலே ஐந்து வரிச் சுருக்கம். கூடவே, ‘சட்டமன்றத்தில் இதைக் கேள்வியாகக் கொடுங்கள்’ என்று எழுத்தில் கேளுங்கள். கேள்வி ஏற்கப்பட்டால் அமைச்சருக்குப் பதில் தயாரிக்க தலைமைச் செயலகத்திலிருந்து கீழே வரைக்கும் அறிக்கை கேட்பார்கள். அந்த விசாரிப்பே பல கோப்புகளை எழுப்பிவிடும். மானியக் கோரிக்கை விவாதம், அதாவது ஒவ்வொரு துறையின் செலவுக்கும் சட்டமன்றத்தில் ஒப்புதல் கேட்கும் விவாதம், நடக்கும் சமயம் இதற்கு நல்ல நேரம். துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு அப்போது வெளியாகும், உங்கள் பிரச்சினை பற்றி அதில் ஏதாவது வாக்குறுதி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

கட்டடம், சிறு பாலம் போன்றவை என்றால் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து கேட்கலாம். பஸ்ஸுக்கும் வாத்தியாருக்கும் அது உதவாது.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வாசல், சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழு. பல கட்சி எம்எல்ஏக்களும் அதில் இருப்பார்கள். மாவட்டம் மாவட்டமாக வருவார்கள். வருவதற்கு முன் செய்தித்தாளில் அறிவிப்பு வரும், பலர் அதைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மனு தமிழில், ஐந்து நகல், பல வருடமாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும், ஒரே பிரச்சினை, ஒரே துறை. வேலை, கடன், பட்டா, கோர்ட்டில் இருக்கும் விவகாரம் இதெல்லாம் எடுக்க மாட்டார்கள். பாலம், ரோடு, ஆஸ்பத்திரி மாதிரி விஷயங்களுக்கு அருமையான வழி, ஏனென்றால் அங்கே அதிகாரிகள் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து அந்த இடத்திலேயே பதில் சொல்லியாக வேண்டும்.

8. கிராம சபை

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சபை ஊர் மக்களுடையது. தீர்மானம் போட்டால் மட்டும் போதாது, தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்களா என்று கண்ணால் பார்த்து, எண்ணைக் குறித்து, போனிலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதை அடுத்த மனுவோடு இணையுங்கள்.

9. கடைசியாக, கோர்ட்

அரசியல் சட்டம் 226ஆவது பிரிவில் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். நமக்குத் தெற்கத்திக்காரர்களுக்கு மதுரைக் கிளை. பெரும்பாலும் என்ன உத்தரவு வரும் என்றால், ‘மனுதாரரின் மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்கவும்’. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அந்தக் கெடு தாண்டினால் நீதிமன்ற அவமதிப்பு, அதற்கு அதிகாரிகள் பயப்படுவார்கள். வக்கீல் செலவு உண்டு, முந்தைய மனுக்களின் ரசீது இல்லாமல் போனால் வழக்கு நிற்காது. ஊரில் பணம் வசூலித்து முதல் மாதமே கோர்ட்டுக்கு ஓடாதீர்கள்.

நடுவில் யாராவது காசு கேட்டால்? கட்டாயத்தால் லஞ்சம் கொடுக்க நேர்ந்தவர் 7 நாளுக்குள் புகார் சொன்னால் அவர்மேல் குற்றம் வராது, 2018 திருத்தத்துக்குப் பிறகு நிலைமை இது. சொல்லாவிட்டால் கொடுத்தவரும் குற்றவாளிதான். கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போவதுதான் நல்லது.

10. ஊருக்கு ஊர் இப்படிப் போராட வேண்டுமா?

வேண்டியதில்லை. இன்ன சேவை இத்தனை நாளில், தவறினால் அலுவலருக்கு அபராதம் என்று மத்தியப் பிரதேசம் 2010ல் சட்டம் போட்டது. பீகார் 2011ல். கர்நாடகத்தின் சகாலா திட்டத்தில் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் வரை விண்ணப்பித்தவருக்கு இழப்பீடு. தொகை சின்னதுதான், ஆனால் அது யார் சம்பளத்திலிருந்து போகிறது என்பதில் இருக்கிறது சூட்சுமம். ராஜஸ்தான் 2012ல் இன்னும் ஒரு படி மேலே போய், புகார் கொடுத்தவரை 15 நாளுக்குள் கூப்பிட்டு நேரில் கேட்க வேண்டும் என்றே சட்டமாக்கியது. தமிழ்நாட்டிலும் சேவை உரிமைச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை பல வருடமாக இருக்கிறது, தேர்தல் வாக்குறுதியாகவும் வந்திருக்கிறது. ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இதைக் கேளுங்கள். ‘ஊருக்கு என்ன செய்வீர்கள்’ என்று கேட்டால் சமுதாயக் கூடம் என்பார். ‘சேவை உரிமைச் சட்டத்துக்குச் சட்டமன்றத்தில் பேசுவீர்களா’ என்று கேட்டுப் பாருங்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சரி, எங்கள் பஸ். தகவல் உரிமைப் பதிலையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு நாலு பேர் பொது மேலாளரைப் போய்ப் பார்த்தோம். ‘கலெக்‌ஷன் இல்லாத ரூட் சார்’ என்று பக்கத்தில் இருந்தவர் ஆரம்பித்தார். பெண்களின் இலவசப் பயணத்துக்கு அரசு பணம் தருகிறதே, எங்கள் ஊரில் ஏறுவது முக்கால்வாசி பெண்பிள்ளைகள்தானே என்று எங்களோடு வந்த அக்கா ஒருவர் கேட்டார். கலெக்‌ஷன் பற்றி ஆரம்பித்தவர் அதற்கு மேல் பேசவில்லை. பொது மேலாளர் அந்த மழைநாள் வரியைப் படித்தது அப்போதுதான்.

பொங்கல் லீவு முடிந்த திங்கட்கிழமை பஸ் வந்தது, 4.40க்கு இல்லை, 4.55க்கு. அதற்கும் ஒரு மனு கொடுக்கலாம் என்றார்கள், பிள்ளைகள் வேண்டாம் என்றுவிட்டார்கள், பள்ளிக்கூட வாசலில் பஜ்ஜி சாப்பிட அந்தக் கால் மணி நேரம் வசதியாம். நோட்டு இன்னும் அந்தப் பெண்ணிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி திறந்ததும் முதல் இரண்டு வாரம் எழுதுகிறாள், ஏனென்றால் கிளை மேலாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.